பாலில் மட்டும் கலக்காதீர்கள்



கொடைக்கானல் மலைக்கு மேலே, பூண்டும் கேரட்டும் விளையும் ஊர் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகனுக்கு நான்கு வயது. கணையம் சரியாக வேலை செய்யவில்லை என்று கண்டுபிடித்து, சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்க என்சைம் கேப்சூல் எழுதித் தந்திருக்கிறார்கள். "முழுசா விழுங்க முடியலைன்னா பிரிச்சுக் கலந்து குடுங்க" என்று சொன்னதோடு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்களாம். எதில் கலப்பது என்று யாரும் சொல்லவில்லை. பிள்ளைக்குக் கொடுக்கும் மருந்து என்றால் நம் கை தானாகப் பால் தம்ளருக்குத்தான் போகும். அவரும் பாலில்தான் கலந்திருக்கிறார். "கொஞ்ச நேரத்துல பால் கசந்துபோயிடுது, திரிஞ்ச மாதிரி ஆயிடுது, வாயில வைக்க மாட்டேங்கிறான்" என்று எழுதிவிட்டு, கீழே வரிசையாகக் கேள்விகள். பாலில் கலக்கலாமா? ஃபிரிட்ஜில் வைக்க வேண்டுமா? பழனிக்குப் போகும்போது எப்படி எடுத்துப்போவது? பஞ்சாமிர்தத்தில் கலந்தால் ஆசையாகச் சாப்பிடுவானே, கொடுக்கலாமா? பள்ளிக்கூடத்தில் யார் கொடுப்பது?

வழக்கமான கேள்வி–பதில் பகுதியில் இரண்டு வரியில் இதை முடித்துவிட மனம் வரவில்லை. பஞ்சாமிர்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை அவருக்குக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. எத்தனை கேப்சூல், எந்த வேளைக்கு எவ்வளவு என்பது உங்கள் மருத்துவர் சொல்வதுதான். அதில் நான் தலையிடப் போவதில்லை. கலப்பதையும் வைப்பதையும் பற்றித்தான் பேசப்போகிறேன். எழுதிக் கொடுப்பவர்களுக்கு நேரமில்லாமல் போவது அந்த இடத்தில்தான்.

கேப்சூலைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே கசகசா போலச் சின்னச் சின்ன உருண்டைகள் இருக்கும். ஒவ்வொன்றின் மேலும் ஒரு மெல்லிய பூச்சு. மருந்தின் சூட்சுமமே அந்தப் பூச்சில்தான் இருக்கிறது. கொழுப்பைச் செரிக்கும் லைப்பேஸ், புரதத்தைச் செரிக்கும் புரோட்டியேஸ், மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் மூன்றும் உள்ளே இருக்கின்றன. இவற்றில் லைப்பேஸ் ரொம்ப நொய்மையானது. இரைப்பையின் அமிலத்தில் விழுந்தால் வீணாகிவிடும். அதனால் அமிலம் இருக்கும் வரை கரையாமல் தாக்குப்பிடித்து, அதைத் தாண்டிச் சிறுகுடலுக்குள் போனதும் கரைகிற மாதிரிப் பூச்சு போட்டிருக்கிறார்கள். நல்ல உடம்பில் கணையநீர் வந்து சேரும் இடமும் அதுவே.

பி.எச். என்ற எண்ணைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். 7 என்றால் நடுநிலை. குறையக் குறையப் புளிப்பு. பூச்சு கரையத் தொடங்குவது 5.5 வாக்கில். பாலின் பி.எச். ஏறத்தாழ 6.6. சிறுகுடலுக்குப் போய்விட்டோம் என்று நினைத்துப் பூச்சு தம்ளரிலேயே கரைந்துவிடுகிறது. வெளியே வந்த என்சைமுக்குத் தம்ளர் எது, குடல் எது என்று தெரியாது. எதிரில் இருக்கும் பாலைச் செரிக்க ஆரம்பித்துவிடும். புரதம் உடைந்தால் கசப்பு, கொழுப்பு உடைந்தால் ஊசின வாடை. அந்தத் தாய் தம்ளரில் பார்த்தது இதைத்தான். மிச்சமிருக்கும் என்சைம் பையன் வயிற்றுக்குள் போய் அமிலத்தில் மடிந்துவிடும். பாலும் போச்சு, மருந்தும் போச்சு. சூடான பருப்புச் சாதம், பொங்கல் எதில் கலந்தாலும் இதே கதைதான். சூடு வேறு சேர்ந்துகொண்டு காரியத்தை இன்னும் சீக்கிரம் முடித்துவிடும்.

கலக்க வேண்டியது புளிப்பான, மிருதுவான, சூடில்லாத ஒன்றில். பி.எச். 4.5 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும் என்பது கணக்கு. மேல்நாட்டு மருந்து விளக்கத் தாள்களில் ஆப்பிள் கூழ் என்று அச்சிட்டிருக்கும். நம் ஊரில் டப்பா ஆப்பிள் கூழுக்கு எங்கே போவது என்று மலைக்க வேண்டாம். கொடைக்கானலில் இருந்துகொண்டு இந்தக் கவலை தேவையே இல்லை. மே, ஜூன் மாதங்களில் ஏரிக்கரையிலும் பேருந்து நிலையத்திலும் கூடைகூடையாக விற்கிறதே பிளம்ஸ், அதைவிடப் பொருத்தமானது கிடைக்காது. தோலையும் கொட்டையையும் எடுத்துவிட்டு மசித்து வடிகட்டினால் போதும். பிளம்ஸ் முடியும் நேரத்தில் பேரிக்காய் வந்துவிடும். அதை ஆவியில் வேகவைத்து, மசித்து, நன்றாக ஆறவிட வேண்டும். ரொம்பப் பழுத்து இனிப்பேறிய பேரியில் புளிப்பு குறைந்துவிடும். நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுக்கொள்ளலாம். இந்தப் பழங்கள் இல்லாத மாதங்களுக்கு ஆப்பிளை அதே மாதிரி வேகவைத்து மசித்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஸ்பூன் கூழ் போதும். கிண்ணம் நிறைய எடுத்தால் பாதியில் முகத்தைத் திருப்பிக்கொள்வான், மருந்து பாதி கிண்ணத்தில் நின்றுவிடும். சாப்பாடு தட்டில் வந்த பிறகு கேப்சூலைப் பிரித்து, உருண்டைகளைக் கூழின் மேல் தூவி உடனே கொடுத்துவிடுங்கள். முன்கூட்டியே கலந்து வைப்பது, மிச்சத்தை மூடி வைத்து அடுத்த வேளைக்குக் கொடுப்பது இரண்டும் கூடாது. ஸ்பூனால் நசுக்கக் கூடாது, பிள்ளை மெல்லவும் கூடாது. நசுங்கினால் பூச்சு போய்விடும். விழுங்கியதும் ஒரு வாய் தண்ணீர். அதற்குப் பிறகு வாயைத் திறக்கச் சொல்லி ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அங்கே ஒன்றிரண்டு உருண்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தால் வாய்ச்சதையையே செரிக்கப் பார்க்கும்; புண்ணாகிவிடும். கைக்குழந்தைக்கு இந்த மருந்து கொடுத்துவிட்டுத் தாய்ப்பால் கொடுப்பவர்களும் பிள்ளையின் வாயைப் பார்த்துவிட்டே மார்பில் விட வேண்டும். இல்லையென்றால் அம்மாவுக்கும் புண் வரும்.

இப்போது பஞ்சாமிர்தம். இந்த மலையின் அடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது மருந்துக்கும் மேலான சங்கதி என்று எனக்குத் தெரியும். 2019இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. பழைய முறைப்படி அதில் விழுவது இந்த மலைகளின் விருப்பாச்சி வாழைப்பழம். அந்தப் பழத்துக்குத் தனியாக ஒரு புவிசார் குறியீடு உண்டு. ஆனால் கேப்சூல் கலக்கப் பஞ்சாமிர்தம் சரிப்பட்டு வராது. பழுத்த வாழைப்பழத்தின் பி.எச். பெரும்பாலும் 4.5க்கும் 5க்கும் சற்று மேலேயும் இருக்கும். நமக்கு வேண்டிய புளிப்பு இல்லை. பேரீச்சை, திராட்சை, கல்கண்டு எல்லாம் கிடப்பதால் மெல்லாமல் விழுங்கவும் முடியாது. போதாக்குறைக்கு நெய் இருக்கிறது. நெய்யைச் செரிக்கத்தான் இந்தப் பிள்ளைக்கு மருந்தே கொடுக்கிறோம். ஆகவே கேப்சூலைப் பழக்கூழில் கொடுத்துவிட்டு அதன்மேல் பஞ்சாமிர்தத்தைக் கொடுங்கள். பிரசாதத்தை மறுக்கவே வேண்டாம். அதுவும் ஒரு சாப்பாடு என்று கணக்கில் வைத்துக்கொண்டால் சரி. ஒரு வயது முடியாத பிள்ளைக்கு மட்டும் விரல் நுனியில்கூட வேண்டாம். அதில் தேன் இருக்கிறது. தேனைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

தயிர்ச் சாதத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. அடுத்த கடிதம் அதற்காகத்தான் வரும் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். கெட்டியான, புளித்த தயிர் மட்டும் என்றால் புளிப்பு போதுமானதாக இருக்கலாம். நாமோ தயிர்ச் சாதத்தில் தாராளமாகப் பாலை ஊற்றிப் பிசைகிறவர்கள். அந்தப் பால் கணக்கையே மாற்றிவிடும்.

எங்கே வைப்பது என்பது மலைக்காரர்களுக்குத் தனிப் பாடம். இந்தக் கேப்சூல்களின் பெட்டியில் 25 டிகிரிக்கு மேல் போகாத, ஈரமில்லாத இடம் என்று அச்சிட்டிருக்கும். படித்ததும் கொடைக்கானல்காரர்கள் நிம்மதியாகிவிடுகிறார்கள். நமக்குத்தான் கோடையிலும் 25 டிகிரியைத் தாண்டுவது அபூர்வமாயிற்றே! கொடையில் சூடு தொந்தரவு செய்யாது, ஈரம்தான் செய்யும். ஐப்பசி, கார்த்திகையில் மஞ்சு இறங்கினால் தலையணை உறையே பிசுபிசுக்கிற ஊர் இது. உப்பு ஜாடி கசிகிறது, பிஸ்கட் நமத்துப்போகிறது, தீப்பெட்டி பற்ற மாட்டேன் என்கிறது. என்சைமுக்கும் அதே ஈரம்தான் எமன். ஈரம் பட்டால் பூச்சு இளகும், உள்ளே இருப்பது மெல்லச் செயலிழக்கும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. புட்டிக்குள் ஒரு சின்னப் பொட்டலம் கிடக்குமே, "தின்னாதே" என்று எழுதியது, அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஈரத்தை உறிஞ்சுவதற்காக வைத்தது அது. ஒவ்வொரு முறை எடுத்ததும் மூடியை இறுக்கி மூடுங்கள். வேறு அழகான டப்பாவுக்கு மாற்ற வேண்டாம். ஈரக்கையோடு புட்டிக்குள் விரலை விட வேண்டாம். ஃபிரிட்ஜும் வேண்டாம், வெளியே எடுக்கும்போதெல்லாம் புட்டி வியர்க்கும்.

அடுப்பு மேடைக்கு மேலே உள்ள அலமாரி, குளியலறை, விளக்கெரியும் சாமி மாடம் இந்த மூன்றையும் தவிர்த்தால் வீட்டில் எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம். துணி பீரோவின் நடுத்தட்டு நல்ல இடம், பிள்ளை கைக்கு எட்டாத உயரத்தில்.

கீழே இறங்கும்போது பிரச்சினை தலைகீழாகிறது. கொடைக்கானலிலிருந்து பழனி 64 கிலோமீட்டர். பெருமாள்மலை வரை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வருகிறோம். அடிவாரத்துக்கு வந்ததும் மின்விசிறியைத் தேடுகிறோம். சித்திரையில் பழனி 38 டிகிரியை அனாயாசமாகத் தாண்டும். பேருந்தில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் என்ஜினை மூடிய மேடு ஒன்று இருக்கும். இடமில்லாவிட்டால் பைகளையெல்லாம் அதன்மேல்தான் போடுகிறோம். மருந்து இருக்கும் பை அங்கே போகக் கூடாது. காரில் போகிறவர்கள் கண்ணாடிக்குக் கீழே உள்ள தட்டில் வைத்துவிட்டுக் கோயிலுக்கு ஏறிவிடுகிறார்கள். திரும்பி வருவதற்குள் உள்ளே அடுப்பாகிவிடும். மடியில் இருக்கும் கைப்பையில், தண்ணீர்ப் பாட்டிலோடு ஒட்டாமல், அசல் புட்டியோடே எடுத்துப் போங்கள். தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை வருகிறவர்கள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வெயிலில் நடக்கும்போது, மருந்துப் பையை முதுகில் தொங்கவிடாமல் நிழலில் வரும் வண்டியில் வைத்துக்கொள்வது நல்லது.

எந்தப் பிள்ளைக்கு இதெல்லாம் வேண்டும் என்று மற்ற வாசகர்கள் கேட்கலாம். மிகச் சில பிள்ளைகளுக்குத்தான். பசி நன்றாக இருக்கும், வயிறு நிறையச் சாப்பிடும், ஆனாலும் எடை ஏறாது. மலம் நிறைய, எண்ணெய்ப் பசையோடு, தாங்க முடியாத நாற்றத்தோடு போகும். தண்ணீர் ஊற்றினாலும் லேசில் போகாது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயில் இதோடு அடிக்கடி சளியும் இருமலும் இருக்கும், பிள்ளையை முத்தமிட்டால் உப்புக் கரிக்கும். இது வெள்ளைக்காரர்களின் நோய், நமக்குக் கிடையாது என்று நம் மருத்துவர்களே வெகுகாலம் நம்பியிருந்தார்கள். தேடாததால் தெரியவில்லை, அவ்வளவுதான். இன்று வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் வியர்வைச் சோதனை செய்து கண்டுபிடித்துச் சிகிச்சை தருகிறார்கள்.

நம் பக்கத்தில் காணப்படும் இன்னொரு நோயும் உண்டு. மலையின் மேற்குச் சரிவைத் தாண்டினால் கேரளம். அங்கேதான் மருத்துவர் கீவர்கீஸ், சின்ன வயதிலேயே கணையத்தில் கல் விழுந்து, வயிற்று வலியில் தொடங்கிச் சர்க்கரை நோயில் முடிகிற பிள்ளைகளையும் இளைஞர்களையும் நூற்றுக்கணக்கில் கண்டு எழுதினார். மரவள்ளிக்கிழங்கு தின்றதுதான் காரணம் என்று ஒரு காலத்தில் உறுதியாகச் சொன்னார்கள். பிறகு 2002 வாக்கில் ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் உள்ள மாற்றம் இந்த நோயாளிகள் பலரிடம் இருப்பது தெரியவந்தது. கிழங்குக்கு அவப்பெயர் பாதி தீர்ந்தது. தமிழ்நாட்டிலும் இந்த நோய் உண்டு. பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்து அழுவது அடிக்கடி நடந்தால், "தொக்கம் விழுந்திருக்கும்" என்று சொல்லி ஊதி எடுப்பவரிடம் தூக்கிக்கொண்டு ஓடாமல் ஒரு ஸ்கேன் எடுத்துப் பாருங்கள்.

கூடுதலாகக் கொடுத்தால் கூடுதலாக நல்லது என்ற எண்ணமும் வேண்டாம். 1990களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வீரியம் அதிகமான என்சைம் கேப்சூல்களை நிறையச் சாப்பிட்ட பிள்ளைகளுக்குப் பெருங்குடல் தடித்துச் சுருங்கி அறுவை வரைக்கும் போனது. அதன் பிறகே ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளில் 10,000 லைப்பேஸ் யூனிட்டைத் தாண்டக் கூடாது என்று எல்லை வகுத்தார்கள். பெட்டியில் 10,000, 25,000 என்று அச்சிட்டிருப்பது இந்த யூனிட்டைத்தான். ஒரே பெயரில் இரண்டு வீரியத்தில் விற்பதால், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் அந்த எண்ணைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்தக் கேப்சூல்களில் இருப்பது பன்றியின் கணையத்திலிருந்து எடுத்தது. சைவக் குடும்பங்களுக்கும் முஸ்லிம் குடும்பங்களுக்கும் இது நெருடலான செய்தி. முதலிலேயே சொல்லாமல் விட்டால், பிறகு யார் மூலமாவது தெரிந்து மருந்தையே நிறுத்திவிடுகிறார்கள். அது பிள்ளையின் உயிருக்கே ஆபத்து. மருத்துவரிடமும், நீங்கள் மதிக்கும் மதப் பெரியவர்களிடமும் மனம்விட்டுக் கேளுங்கள். உயிர் காக்கும் மருந்து என்றால் வழி சொல்லாதவர்கள் குறைவு.

கணையத்தில் ஒரு குறையும் இல்லாத பிள்ளைகளின் வீட்டிலும் ஒரு செரிமான சிரப் புட்டி இருக்கிறதே, அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. "சரியாவே சாப்பிட மாட்டேங்குது" என்று கடைக்காரரிடம் சொன்னால் எடுத்து நீட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் உள்ளே இருப்பவை பூஞ்சையிலிருந்து எடுத்த டயஸ்டேஸும் (அதுவும் அமைலேஸ்தான்), புரதத்தைச் செரிக்கும் பெப்சினும். பெப்சின் வேலை செய்வது கடும் அமிலத்தில், பி.எச். 2 வாக்கில். அந்த அமிலத்தில் டயஸ்டேஸ் நிலைக்காது. டயஸ்டேஸுக்கு ஒத்துவரும் இடத்தில் பெப்சின் சும்மா கிடக்கும். ஒருவருக்கொருவர் முகம் கொடுக்காத இருவரை ஒரே புட்டியில் அடைத்து, இனிப்புச் சேர்த்து, அன்னாசி வாசனை போட்டு விற்கிறோம். பிள்ளை சாப்பிடாததற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு வேளைக்கு நடுவில் போன பிஸ்கட்டும் பாலும்தான். 2024 ஆகஸ்டில் மத்திய அரசு 156 கூட்டு மருந்துகளைத் தடை செய்தபோது, அமைலேஸ், லாக்டேஸ், லைப்பேஸ், புரோமெலைன், பப்பாயின் என்று பத்துக்கும் மேற்பட்ட என்சைம்களை ஒன்றாகத் திணித்த கலவை ஒன்றும் அந்தப் பட்டியலில் இருந்தது. அதைப் படித்துச் சிரிப்பதா, இத்தனை நாள் விற்றுத் தீர்த்தார்களே என்று அழுவதா என்று தெரியவில்லை.

பப்பாயின் என்றதும் ஞாபகம் வருகிறது. பப்பாளிக் காயைக் கீறி வடிக்கும் பாலிலிருந்து எடுப்பது அது. இதற்கென்றே கோ 5 என்ற ரகத்தைக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கியது. ஆட்டுக்கறி வேகாவிட்டால் ஒரு துண்டு பப்பாளிக்காயைப் போடும் நம் சமையல்காரர்கள் ஆய்வுக்கூடம் எதையும் கேட்டுக்கொண்டு செய்யவில்லை.

அப்பத்தாக்களின் உரைமருந்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. சுக்கு, வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய் எல்லாவற்றையும் சந்தனக்கல்லில் ஆளுக்கு இரண்டு இழைப்பு உரசி, தேனில் குழைத்து நாக்கில் தடவுவது நம் மண்ணின் வழக்கம். எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. ஆனால் ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம் என்பதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். தாய்ப்பாலிலேயே அமைலேஸும் லைப்பேஸும் இருக்கின்றன; பிள்ளையின் கணையம் முழுசாக வேலைக்கு வரும்வரை அந்தக் குறையை அம்மாவின் பால் ஈடுகட்டுகிறது. வசம்பில் உள்ள பீட்டா அசரோன் என்ற பொருள் விலங்குச் சோதனைகளில் கெடுதல் செய்ததால், 1968இலேயே அமெரிக்கா வசம்பை உணவில் சேர்ப்பதைத் தடை செய்தது. "பிள்ளை வளர்ப்பான்" என்று பெயர் வைத்துவிட்டோம் என்பதற்காகத் தினமும் உரசிக் கொடுக்க வேண்டியதில்லை.

தேன்தான் இதில் பெரிய அபாயம். பளியர் பழங்குடிகள் பாறையில் இறங்கி எடுத்த மலைத்தேன் என்று சுற்றுலா வந்தவர்கள் ஆசையாக வாங்கிப்போய்க் கைக்குழந்தையின் மருந்தைக் குழைக்கிறார்கள். எவ்வளவு சுத்தமான தேனிலும் பாட்டுலிசம் கிருமியின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்களை அவை ஒன்றும் செய்வதில்லை. ஒரு வயதுக்குள் இருக்கும் பிள்ளையின் குடலில் முளைத்து நரம்புகளை முடக்கிவிடும். மற்றபடி தேன் ஒரு சுவாரசியமான பொருள். அதில் இயற்கையாகவே டயஸ்டேஸ் உண்டு. தேனைக் காய்ச்சினாலும் நாள்பட வைத்தாலும் அது குறைந்துகொண்டே போகும். அதனால் ஒரு தேன் சூடு பட்டதா என்று பார்க்க அதில் மிச்சமிருக்கும் டயஸ்டேஸை அளந்து பார்க்கிறார்கள்.

இந்த டயஸ்டேஸை முதன்முதலில் பிரித்தெடுத்தது 1833இல், பாரிஸில், பாயென், பெர்சோ என்ற இரு வேதியியலாளர்கள். எதிலிருந்து தெரியுமா? முளைவிட்ட பார்லியிலிருந்து. அறுபது ஆண்டு கழித்து, 1894இல், ஜப்பானியர் தகாமினே அதைப் பூஞ்சையிலிருந்து எடுத்துக் காப்புரிமை வாங்கி மருந்தாக்கினார். நம் சிரப் புட்டிகளின் மூதாதை அதுதான். ஆனால் பிள்ளைக்குக் கொடுக்கத்தக்க நல்ல அமைலேஸ் நம் வீட்டுப் பானையிலேயே இருக்கிறது, முளைகட்டிய கேழ்வரகு.

ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டுகிறவர்களின் கஷ்டம் எல்லாருக்கும் தெரியும். கெட்டியாகக் காய்ச்சினால் விழுங்காது. தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்தால் அந்தச் சின்ன வயிறு தண்ணீரிலேயே நிறைந்துவிடும், சத்துப் போகாது. பரோடா பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாசும் மைசூர் உணவு ஆராய்ச்சி நிலையத்தில் மல்லேஷி, தேசிகாச்சார் ஆகியோரும் 1980களில் இதற்கு ஒரு வழியைச் சோதித்துக் காட்டினார்கள். கெட்டிக் கஞ்சியில் ஒரு ஸ்பூன் முளைமாவைப் போட்டுக் கலக்கினால், அதில் உள்ள அமைலேஸ் மாவுச்சத்தை வெட்டி, நாலைந்து நிமிடத்தில் கஞ்சியை ஊற்றக்கூடிய பதத்துக்கு இளக்கிவிடும். தண்ணீர் ஒரு சொட்டுக் கூட்டவில்லை, மாவும் குறையவில்லை. அதே காலத்தில் தான்சானியாவிலும் இதே முறையில் பிள்ளைகளின் கூழுக்கு முளைமாவு சேர்த்துப் பார்த்தார்கள். நம் அங்கன்வாடிச் சத்துமாவிலும் முளைகட்டிய கேழ்வரகு ஒரு சேர்மானம்.

செய்வதில்தான் நுட்பம். கேழ்வரகைக் கல் நீக்கிக் கழுவி ஓர் இரவு ஊறவைத்து, தண்ணீரை வடித்து, ஈரத்துணியில் கட்டி வைக்க வேண்டும். சமவெளியில் இரண்டு நாளில் முளை வந்துவிடும். கொடையில் குளிரில் கூடுதல் நேரம் பிடிக்கும். அந்தத் தாமதத்தில் பூசணம் பிடித்துவிடலாம். இரவில் அணைத்த விறகடுப்புக்குப் பக்கத்தில், சூடு லேசாகப் படும் இடத்தில் வைத்துப் பாருங்கள். நாளுக்கு இரண்டு முறை அலசுங்கள். பூசண வாடை அடித்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். சோளத்தை இப்படி முளைகட்டிப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம். அதன் முளையில் சயனைடு தரும் பொருள் உண்டு.

முளை வந்ததும் நல்ல வெயிலில் காயவைத்து, உள்ளங்கையில் தேய்த்து வேரைப் போக்கி, லேசாக வறுத்து அரைக்க வேண்டும். லேசாக என்றால் கை பொறுக்கும் சூடு. நம் பெண்கள் மணம் வரும்வரை வறுத்தால்தான் திருப்திப்படுவார்கள். மணம் வந்துவிட்டால் அமைலேஸ் போய்விட்டது என்று அர்த்தம். மாவு சத்தாகத்தான் இருக்கும், கஞ்சியை இளக்காது. அமைலேஸ் உயிரோடு இருக்கிறதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். சாதா கேழ்வரகு மாவில் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி இறக்கி, கொதி நின்று சூடு கொஞ்சம் தணிந்ததும் ஒரு ஸ்பூன் முளைமாவைப் போட்டுக் கிளறுங்கள். கரண்டியில் கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது சிறிது நேரத்தில் வழிந்து இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வறுவல் அதிகம். இளகிய பிறகு இன்னொரு கொதி விட்டு ஆற்றிக் கொடுங்கள். முளைமாவில் கிருமிகள் இருக்கும். இளக்கும் வேலை முடிந்துவிட்டதால், அந்தக் கொதியில் என்சைம் போனால் போகட்டும்.

கொஞ்சமாக அரைத்து, காய்ந்த டப்பாவில், காய்ந்த ஸ்பூன் போட்டு வையுங்கள். மஞ்சு மாதங்களில் மொத்தமாக அரைப்பது வீண். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: கணையக் கோளாறு உள்ள பிள்ளைக்கு இந்த மாவு கேப்சூலுக்கு மாற்று ஆகாது. கொழுப்பைச் செரிக்க இது உதவாது. கஞ்சிக்கு முளைமாவும் உண்டு, கேப்சூலும் உண்டு.

கடிதத்தின் கடைசிக் கேள்வி, பள்ளிக்கூடம். பையன் அடுத்த ஆண்டு அரசுத் தொடக்கப் பள்ளிக்குப் போகப்போகிறானாம். 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கல் கிடைக்கும். மதியம் முட்டையோடு சத்துணவு. இரண்டு வேளையும் அவனுக்குக் கேப்சூல் வேண்டும். ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, தலைமை ஆசிரியரிடமும் வகுப்பு டீச்சரிடமும் சத்துணவு அமைப்பாளரிடமும் ஒவ்வொரு நகல் கொடுங்கள்: "முதல் வாய்க்கு முன்னால் கொடுக்கணும். டப்பாவில் அனுப்பும் பழக்கூழில் மட்டும். உப்புமாவில் தூவக் கூடாது. மெல்லக் கூடாது. முடிந்ததும் வாயைப் பார்க்கவும். கழிப்பறைக்கு அடிக்கடி கேட்டால் அனுப்பிவிடவும்." அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள், பிள்ளை வகுப்பில் கூனிக்குறுகுவது அதற்காகத்தான். முழுக் கேப்சூலை விழுங்க இப்போதிலிருந்தே பழக்கினால் பள்ளி திறப்பதற்குள் கூழ் டப்பாவே தேவைப்படாமல் போகலாம். சிறிய அவல் துண்டில் ஆரம்பித்து, தண்ணீரோடு விழுங்கச் சொல்லி, மெதுவாக அளவைக் கூட்டுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே.

மஞ்சு மாதத்தில் முளைகட்டிய கேழ்வரகை வெயிலில்லாமல் காயவைக்கும் வழி ஏதாவது பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் பக்கத்து வீடுகளில் இருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம். தெரிந்தவர்கள் எழுதுங்கள். அடுத்த இதழில் உங்கள் பெயரோடு போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்